சுவரில் மாட்டிய சொந்தங்கள்

கட்டடம் இடிந்த செய்தியோடு கண்ணாடிக்காரரை நடுக்கடையில் நிற்க வைத்துவிட்டுப் போன வாரம் நாம் கிளம்பி வந்துவிட்டோம். மனிதர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். உட்காரச் சொல்லவும் ஆளில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஊரில் எழும்பிக்கொண்டிருந்த வணிக வளாகத்தின் மேல்தளம் அப்படியே சரிந்துவிட்டது. சில உயிர்கள் போய்விட்டன. அடியில் சிக்கிப் பிழைத்தவர்களில் ஒருவன் கண்ணாடிக்காரரின் மருமகளுடைய தம்பி. வெல்டிங் வேலை செய்கிறவன். கட்டடத்தைக் கட்டியவர் ஒரு பெரிய இன்ஜினீயர். அந்த இன்ஜினீயரின் படம்தான், சட்டம் போட்டு, கண்ணாடிக்காரரின் மூக்குக்கண்ணாடிக் கடைச் சுவரில் தொங்குகிறது. காரணம், இரண்டு பேருக்கும் குடும்பப் பெயர் ஒன்று. ஏழுகதவு.

அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மற்ற கடைகளில் மூக்குக்கண்ணாடி போட்டுச் சிரிக்கும் அழகிகளின் படம் இருக்கும். இங்கே ஏழுகதவுக்காரர்களின் படம். ஒரு நீதிபதி. கடலை நீந்திக் கடந்த ஒரு பெண். அந்தக் காலத்து நாடக நடிகை ஒருத்தி. ஒரு மல்யுத்த வீரர். டிவியில் வானிலை வாசிக்கிறவர். எல்லாம் பத்திரிகையில் வந்த படங்கள். யார் பெயருக்குப் பின்னால் ஏழுகதவு என்று அச்சாகி வந்தாலும் கண்ணாடிக்காரரின் கத்தரிக்கோல் வெளியே வந்துவிடும். பிறகு அந்த ஆளுக்கு ஓர் உறவுமுறை கிடைத்துவிடும். நீதிபதி பெரியப்பா வழி. நீச்சல்காரி அத்தை மகளின் மகள். வானிலைக்காரர் மழை வரும் என்று சொல்லி மழை வராமல் போனால் இவர் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பார்.

பெயர் வந்த கதையும் உண்டு. பவர் பார்க்க வந்தவரின் மூக்கில் அந்தக் கனத்த சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை ஒவ்வொன்றாகச் செருகும்போதுதான் அதை ஆரம்பிப்பார். அந்த நிலையில் யாரால் எழுந்து ஓட முடியும்? ஒரு பெரும் பஞ்சத்தில், ஏழு வாசல் வைத்த வீட்டில் இருந்த ஒரு பெரிய மனிதர், ஏழு கதவையும் சாத்தக் கூடாது என்று உத்தரவு போட்டாராம். எந்தத் திசையிலிருந்து பசித்து வந்தாலும் வீட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டாம் என்பதற்காகவாம். அவருடைய வம்சம்தான் நாங்கள் எல்லாரும் என்று முடிப்பார். கிளைதான் வேறு, வேர் ஒன்று என்பார்.

அந்த வேருக்குத்தான் இப்போது புழு வைத்துவிட்டது.

காலையில் கடையைத் திறப்பதற்கு முன்பே அவர் மனைவி ஸ்டூலில் ஏறி இன்ஜினீயரின் படத்தைக் கழற்றிவிட்டாள். கழற்றிய இடம் மட்டும் வெளுத்துப் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்துக் கண்ணாடிக்காரருக்கு இன்னும் பதற்றம் கூடியது. நேற்றுவரை இருந்ததை இன்று கழற்றினால் ஊர் என்ன பேசும் என்றார். இருந்தால் மட்டும் என்ன பேசும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். கடைசியில் லென்ஸ் கம்பெனி கொடுத்த காலண்டரை அங்கே மாட்டினார்கள். அது சிறியதாகப் போய்விட்டது. நாலு பக்கமும் வெள்ளை விளிம்பு தெரிந்தது.

முதலில் வந்த வாடிக்கையாளர் தபால் ஆபீஸ்காரர். மூக்குத் தாங்கி உடைந்த கண்ணாடியை நீட்டினார். சரிசெய்து வாங்கி மாட்டிக்கொண்டவர் போகாமல் நின்றார். காலண்டரையும் அதன் விளிம்பையும் பார்த்தார். உங்க தம்பி இப்படிப் பண்ணிட்டாரே என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கண்ணாடிக்காரர் காலண்டரை இழுத்து நேராக்கினார். ஒன்றுவிட்ட தம்பி என்று ஊர் முழுக்கச் சொன்னவர் அவர்தானே.

உண்மை என்ன என்று உங்களிடம் மறைப்பானேன். கண்ணாடிக்காரரின் தாத்தா அந்த ஏழுகதவு வீட்டில் வண்டி ஓட்டியவர். அந்த வீடு நொடித்த பிறகு பிழைப்பு தேடி நகரத்துக்கு வந்தார். வேலை கேட்ட இடத்தில் எந்த வீட்டுக்காரன் என்று கேட்டார்கள். ஏழுகதவு வீடு என்றார். எந்த வீட்டில் வேலை பார்த்தாய் என்று கேட்கிறார்கள் என்று நினைத்திருப்பார் பாவம். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் மட்டுமல்ல. அந்த வீட்டுச் சமையற்காரர், மாடு பார்த்தவர், பக்கத்து வீடுகளில் குடியிருந்தவர்கள் என்று ஊர்விட்டு ஊர் போன எல்லாரும் அதே பெயரைத்தான் சொல்லிக்கொண்டார்கள். கண்ணாடிக்காரரின் அப்பா இதை ஒரு தரம் சிரித்துக்கொண்டே சொன்னார். மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டிக்காரரை அங்கேயே இறக்கிவிட்டுப் பெரிய மனிதரை வம்சத்தில் ஏற்றிக்கொண்டார். இது தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி.

தபால் ஆபீஸ்காரர் போன சற்று நேரத்தில் மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள்.

அவளை வெறும் மருமகள் என்று சொன்னால் போதாது. கடையின் உள்ளறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின் அவள் கையில்தான் இருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் மாமனாரிடம் வேலை கற்றுக்கொண்டு, இப்போது அவரைவிடச் சுத்தமாக லென்ஸ் விளிம்பு எடுக்கிறாள். கணவன் தொலைதூர பஸ் ஓட்டுகிறவன், பாதி நாள் வெளியூரில் இருப்பான். இந்தக் கடையில் மாமனாரும் மருமகளும்தான் பேச்சுத்துணை. அவர் கதை அளக்கும்போது உள்ளறையிலிருந்து அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பவளும் அவள்தான். அவள் அவ்வளவையும் நம்பினாள்.

வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். தம்பியின் வலது காலை இந்த ஆஸ்பத்திரியில் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எலும்பு டாக்டர்கள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றே மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் கால் போய்விடும். அங்கே கட்டுமானக் கம்பெனியின் தொழிலாளி என்றால் இன்ஷூரன்ஸில் உடனே சேர்த்துக்கொள்வார்கள். இன்ஜினீயரின் கம்பெனியோ, இவன் எங்கள் ஆளே இல்லை என்கிறது. யாரோ ஒரு மேஸ்திரி கூட்டி வந்த ஆள் என்று கைகழுவிவிட்டது.

அப்புறம் அவள் மாமனாரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வாங்க மாமா, போய்ப் பாத்துட்டு வரலாம். ஒரு வார்த்தை அவர் சொன்னா போதும். நீங்க சொல்லித்தானே அவனுக்கு அங்க வேலையே கெடச்சுது."

சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றார் கண்ணாடிக்காரர்.

இந்த வேலை விஷயம்தான் எல்லாவற்றிலும் மோசமானது. அந்தப் பையன் வேலை தேடிய சமயத்தில் அவன் அப்பா, அதாவது சம்பந்தி, இன்ஜினீயரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நம்ம பையன்தானே, சொல்லிடுறேன் என்றார் இவர். யாரிடம் சொல்வது? இன்ஜினீயரின் வீட்டு வாசற்படிகூட இவருக்குத் தெரியாது. பேசாமல் இருந்துவிட்டார். ஆனால் பையன் கைவேலைக்காரன். தானாகப் போய் நின்று, ஒரு வெல்டிங் இணைப்பைப் போட்டுக் காட்டி, வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மறுநாள் சம்பந்தி குடும்பத்தோடு வந்து நன்றி சொன்னார். அட, இதெல்லாம் ஒரு விஷயமா என்று கையை ஆட்டிவிட்டு அந்த நன்றியை வாங்கிக்கொண்டார் கண்ணாடிக்காரர். அதுதான் இப்போது தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

சொந்தக்காரன் என்று சாதித்தால், அந்தக் கட்டடத்தில் பையனைக் கொண்டுபோய் நிறுத்தியவர் இவர். சொந்தமே இல்லை என்றால், இத்தனை காலமும் எல்லார் காதிலும் பூச்சுற்றியவர் இவர். இரண்டில் எதைச் சொல்வது?

சட்டை மாற்றும் சாக்கில் உள்ளறைக்குப் போனவரைப் பின்தொடர்ந்து வந்த மனைவி கதவைச் சாத்தினாள்.

"இப்பவே சொல்லிடுங்க. அங்க போய் அவமானப்படறதுக்கு இங்கயே ஒரு அழுகையோட போயிடும்."

"எப்படிச் சொல்லச் சொல்றே? அந்தப் பொண்ணு நம்பி வந்து நிக்குது."

"அதனாலதான் சொல்றேன்."

அவர் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார். அங்கே போனால் உள்ளேயே விடமாட்டார்கள், விடாவிட்டால் திரும்பி வந்துவிடலாம், வேறு வழி பார்க்கலாம் என்று முணுமுணுத்தார். மனைவி அவர் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். அவளுக்கு அவர்மீது கோபம் இருந்தது. இரக்கமும் இருந்தது. எது அதிகம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த மருமகள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். பயந்தால் அவளுக்குப் பேச்சு அதிகமாகும். தம்பி வலியிலும் சிரிக்கிறான் என்றாள். இன்ஜினீயர் எங்க மாமாவுக்குத் தம்பி முறை என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்கிறானாம். அந்தக் கட்டில்காரரும் அதே கட்டடத்தில் அடிபட்டவர். அதைக் கேட்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். டிக்கெட் கேட்டு கண்டக்டர் வந்தார். மறுபடி திறந்தார். மருமகள், அவர் கையை லேசாகத் தட்டி, நீங்க இருக்கிறதாலதான் மாமா எனக்குத் தைரியமா இருக்கு என்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டார். கோழை என்று நீங்கள் திட்டினால் நான் குறுக்கே வரமாட்டேன்.

இன்ஜினீயர் வீட்டு வாசலில் பத்திரிகைக்காரர்களும், கண் சிவந்த சில பெண்களும், இரண்டு போலீஸ்காரர்களும் நின்றார்கள். யாரையும் உள்ளே விடவில்லை. அப்பாடா என்று கண்ணாடிக்காரர் மூச்சுவிடப் போன சமயம், மருமகள் காவல்காரரிடம் போய் நின்றாள்.

"ஏழுகதவுன்னு சொல்லுங்க. சொந்தக்காரங்க."

காவல்காரர் போன் செய்தார். கேட் திறந்தது. வாசலில் நின்ற ஒரு பெண் இவர்களை ஏறிட்டுப் பார்த்துக் காறித் துப்பினாள். மருமகளின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

உள்ளே இன்ஜினீயர் ஷேவ் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வக்கீல். மேஜை மேல் குடிக்காத டீக் கோப்பைகள் ஆடை படிந்து கிடந்தன. கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எந்தக் கிளை என்று கேட்டார். பதில் வருவதற்குள், எந்தக் கிளையாக இருந்தால் என்ன, இந்த நேரத்தில் தேடி வந்தவர் நீங்கள்தான் என்றார். குரல் தழுதழுத்தது. அதில் பொய் இருந்ததாகத் தெரியவில்லை.

பெயர்க் கதையை அவரும் சொன்னார். ஆனால் அது வேறு கதை. அவர் வீட்டில் சொல்லிக்கொள்வது என்னவென்றால், மூதாதை ஊரெல்லாம் வாங்கித் திருப்பித் தராதவர். யாராவது தேடி வந்தால் எந்தப் பக்கமும் நழுவிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு ஏழு வாசல் வைத்தாராம். எனக்கு ஒரு வாசல்கூட இல்லையே அண்ணே என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். வக்கீல் சிரிக்கவில்லை.

மருமகள் தம்பியின் விஷயத்தைச் சொன்னாள். அழாமல், தெளிவாகச் சொன்னாள். இன்ஜினீயர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எங்கள் ஆள்தான் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாம் என்றார். அவள் கண் நிறைந்துவிட்டது. கை கூப்பப் போனாள்.

அப்போது வக்கீல் தொண்டையைச் செருமினார். தளத்துக்கு அடியில் கொடுத்திருந்த முட்டுகளை வெல்டிங் ஆட்கள்தான் இடைஞ்சல் என்று கழற்றினார்கள், கம்பெனி சொல்லவில்லை என்று தம்பி ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றார். குடும்பத்துக்குள் இருக்கிற விஷயம், பையனுக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மருமகளின் கை பாதி வழியில் நின்றது.

"அவன் அப்படிச் செய்யலையே சார். முட்டுகளக் கழட்டச் சொன்னதே உங்க சூப்பர்வைசர்னு அவன் சொன்னான்."

இன்ஜினீயர் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாங்க. நம்ம பேரு போகுது."

மருமகளும் மாமனாரைத்தான் பார்த்தாள். ஒன்றுவிட்ட அண்ணன் அதட்டிச் சொன்னால் தம்பி கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். இந்த முறை மூடவில்லை.

"நான் இவருக்குச் சொந்தம் இல்லம்மா. இவரை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார்கள், வெளியே தள்ளுவார்கள் என்று காத்திருந்தார். ஆனால் இன்ஜினீயர் களைத்துப்போன முகத்தோடு நாற்காலியில் சாய்ந்தார்.

"நீங்களுமா? காலையில என் கூடப்பிறந்த அண்ணன் போன் பண்ணி இதையேதான் சொன்னாரு. சித்தப்பா வீட்டு வாசல்ல பேர்ப்பலகையக் கழட்டிட்டாங்க. சொந்தக்காரங்கதான் எல்லாரும் இப்படிச் சொல்றாங்க. சொந்தமில்லாதவன் எவனும் வீடு தேடி வந்து நான் சொந்தமில்லைன்னு சொல்லமாட்டான்."

கண்ணாடிக்காரர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் இருந்தது ஆச்சரியம் இல்லை. வெறுப்பு. இன்ஜினீயர் சொன்னதைத்தான் அவள் நம்பினாள்.

கேட்டுக்கு வெளியே, மதில் ஓரமாக, மனிதர் எல்லாவற்றையும் கொட்டினார். தாத்தா வண்டி ஓட்டியதைச் சொன்னார். படங்கள் எல்லாம் பேப்பரில் வெட்டியவை என்றார். உன் தம்பிக்காக நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, அவன் கைத்திறமையில்தான் வேலைக்குப் போனான் என்றார். வாழ்நாளில் அவர் இவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் பேசியதில்லை.

அவள் கடைசிவரை கேட்டாள்.

"போன மாசம்கூட அவர் உங்க தம்பின்னு எங்க அப்பாகிட்ட சொன்னீங்க. இன்னிக்கு வாசல்ல துப்பினதும் உறவு போயிடுச்சா மாமா? என் தம்பிக்காக நீங்க அவர்கிட்ட சண்டை போட வேண்டாம். கையக் கழுவாமயாவது இருந்திருக்கலாம்."

"சத்தியமா சொல்றேன்மா."

"எது சத்தியம்? நான் வந்த நாள்லேர்ந்து கேட்டதா, இப்ப சொல்றதா?"

இரண்டையும் சொன்ன வாய் அவருடையதுதான்.

மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தம்பிக்கு இன்றைக்குள் கால் வேண்டும் என்று தனக்குத்தானே சொல்வது மாதிரிச் சொன்னாள். பிறகு கேட்டை நோக்கி நடந்தாள். கண்ணாடிக்காரர் பின்னாலேயே ஓடி, அவங்க சொல்ற மாதிரி மட்டும் ஒத்துக்காதேம்மா, பழி பூராவும் பையன் தலையில் விழும் என்று கெஞ்சினார். அவள் திரும்பவில்லை. காவல்காரர் இருவரையும் பார்த்து, கூட வந்தவரும் உள்ளே வருகிறாரா என்று கேட்டார்.

"வேண்டாம். நான் மட்டும்தான்."

கேட் மூடிக்கொண்டது. பத்திரிகைக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு என்ன உறவு, என்ன உறவு என்று கேட்டார்கள். அவர் மதிலோடு ஒட்டி நின்றார். சட்டைப்பையில் போன் அடித்தது. சம்பந்தி.

ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். பேசியாச்சா, நம்ம இன்ஜினீயர் என்ன சொன்னார் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், உங்கள் வார்த்தையை அவர் தட்டமாட்டார் என்று இவனிடம் சொன்னேன், அப்புறம்தான் காலையிலிருந்து பிடிவாதமாக இருந்தவன் ரெண்டு வாய் சாப்பிட்டான் என்றார். இருங்கள், அவனே பேசணும் என்கிறான் என்று போனைக் கொடுத்தார்.

பையனின் குரல் மெலிந்து வந்தது. மருந்து மயக்கம் இருந்தது.

"மாமா, அக்கா பக்கத்துல இருக்காளா? கால் போகாதுல்ல? நீங்க போயிருக்கீங்கன்னதும்தான் எனக்குப் பயம் போச்சு."

கண்ணாடிக்காரர் மூடிய கேட்டைப் பார்த்தார். உள்ளே யார் குரலும் கேட்கவில்லை.

"இருக்காப்பா, பக்கத்துலதான் இருக்கா," என்றார். "நாங்க உள்ளதான் இருக்கோம். பேசிட்டிருக்கோம்."